நாலு ஓம் ஸ்பீக்கரும் கோபித்துக்கொண்டு வந்த மகளும்

மரியாதைக்குரிய மாப்பிள்ளைக்கு,

மாமனார் எழுதிக்கொண்டது. இங்கே நானும் உங்கள் மாமியாரும் சௌக்கியம். உங்கள் மனைவியும் சௌக்கியம்தான். சாப்பாடும் குறையவில்லை, குரலும் குறையவில்லை. நீங்கள் அங்கே சௌக்கியமா என்று கேட்கிற நிலைமையில் நான் இல்லை, இருந்தாலும் முறைக்குக் கேட்டு வைக்கிறேன். போனில் பேசினால் "சரிங்க மாமா, சரிங்க மாமா" என்று சொல்லி வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

போன வாரம் காலையில் நம் வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. முதலில் என் மகள் இறங்கினாள். அப்புறம் இரண்டு ஆட்கள் ஆளுயரத்துக்கு இரண்டு கதவுகளை இறக்கினார்கள். கைப்பிடி கிடையாது, மேலே துணி போர்த்தியிருந்தது. "எதுக்கும்மா கதவு?" என்றேன். "கதவில்லப்பா, அவரோட ஸ்பீக்கர். நான் இல்லாம இருந்துடுவாரு, இது இல்லாம இருக்க மாட்டாரு. ரெண்டே நாள்ல ஓடி வருவாரு பாருங்க" என்றாள். ரெண்டு நாள் போய் ஒரு வாரமும் ஆகிவிட்டது, நீங்கள் வரவில்லை. தெருவில் கார் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவள் ஜன்னலுக்குப் போகிறாள். என்னம்மா என்றால் "காத்து வரல" என்கிறாள்.

அந்தக் கதவுகள் முன்பக்கமும் பாடுமாம், பின்பக்கமும் பாடுமாம். அதனால் சுவரோடு ஒட்டி வைக்கக் கூடாதாம். நட்ட நடு ஹாலில் நிற்கின்றன. நானும் உங்கள் மாமியாரும் ஒரு வாரமாகப் பக்கவாட்டில்தான் நடக்கிறோம். முதல் நாள் அவர் அதன் மேல் ஈரத் துண்டைக் காயப்போட்டார். இரண்டாம் நாள் பக்கத்தில் உட்கார்ந்து சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தவர் கையிலிருந்து ஊசி பறந்து போய் அதில் ஒட்டிக்கொண்டது. உள்ளே பூராவும் காந்தமாம், நடுவில் வெங்காயச் சருகு மாதிரி ஒரு தாளாம், அதில் ஓடுகிற கம்பிதான் பாடுகிறதாம். "அம்மா, தாள் கிழிஞ்சுடும், தொடாதே!" என்று உங்கள் மனைவி போட்ட கூச்சலில் மாடி வீட்டுக்காரர் இறங்கி வந்துவிட்டார்.

கட்டின மனைவியை மறக்கடிக்கிற அளவுக்கு இதில் என்னதான் இருக்கிறது, ஒரு தடவை கேட்டுவிடுவோமே என்று எனக்குத் தோன்றியது. ஸ்பீக்கர் இங்கே, உங்கள் ஆம்ப்ளிஃபையர் அங்கே. அவள் கடைக்குப் போன நேரம் பார்த்து என் பழைய ஸ்டீரியோவில் மாட்டினேன். பக்கத்து வீட்டுக் குளியலறையில் யாரோ பாடுகிற மாதிரி கேட்டது. குமிழைத் திருகினேன், இன்னும் திருகினேன், கருகல் வாசனை வந்தது, ஸ்டீரியோ கண்ணை மூடிவிட்டது. விட்டேனா? நம் தெரு மைக் செட்டுக்காரரைப் பிடித்தேன். "சார், இதைப் போட்டா மைதானம் முழுக்கக் கேக்கும்" என்று ஒரு பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். கேட்டது, மாவு மில் கேட்டது! பெட்டிக்குள்ளே விசிறி சுற்றுகிற சத்தத்தில் பாட்டு எந்த மூலையில் இருக்கிறது என்று நாங்கள் இருவரும் தேடிக்கொண்டிருந்தபோது என் மகள் திரும்பி வந்து பிளக்கைப் பிடுங்கினாள்.

"வாட்டை மட்டும் பாத்து ஏமாறக் கூடாதுப்பா. பெட்டியில போட்டிருக்கிறது எட்டு ஓமுக்கு. இது நாலு ஓம். ஓம்ங்கிறது கரண்டைத் தடுக்கிற அளவு, அது குறைஞ்சா ஸ்பீக்கர் கரண்டை ஜாஸ்தியா இழுக்கும். எட்டுல நூறு வாட் குடுக்கிற ஆம்ப், நாலுல கிட்டத்தட்ட இருநூறு குடுக்கணும். அப்பத்தான் அதுக்குக் கரண்ட் தள்ளுற தெம்பு இருக்குன்னு அர்த்தம். இந்த ஸ்பீக்கர் மகா சோம்பேறி, கொஞ்சமா குடுத்தா வாயே திறக்காது."

இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும் என்றேன்.

"கல்யாணம் ஆனதிலேருந்து சாப்பிடும்போது வேற பேச்சு ஏது? நான்தான் தேடித் தேடிப் படிச்சு, டிரான்சிஸ்டர் ஆம்ப் ஒண்ணு சொன்னேன். நல்லாத் தலையாட்டினாரு. ஆட்டிட்டுப் போய் எட்டு வாட் வால்வு ஆம்ப் வாங்கிட்டு வந்து நிக்கிறாரு! ஏன்னா, வால்வு தணல் மாதிரி எரியறது இருட்டுல பாக்க அழகா இருக்காம்."

"அப்ப நீ, காசைக் கொட்டி ஆம்ப் வாங்கினதுக்குக் கோவிச்சுக்கிட்டு வரலையா?"

"தப்பான ஆம்ப் வாங்கினதுக்குப்பா!" என்றவள் அப்படியே உட்கார்ந்து அழுதுவிட்டாள். "என்னை ஒரு வார்த்தை கேக்கலையே அவரு."

மறுநாள் என்னைப் பழைய சாமான் கடைக்கு இழுத்துக்கொண்டு போனாள். பளபளப்பானது எதையும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்க்கச் சொன்னாள். டிரான்ஸ்பார்மர் பெரிதாக இருந்தால் கனக்குமாம். சரக்குக் கிடங்கில் எடைமேடை பார்த்தே தலை நரைத்தவன் நான், அந்த வேலை சுலபமாக வந்தது. மூலையில் கிடந்த ஒன்றைத் தூக்கும்போது இடுப்பில் 'சுருக்' என்றது. "இதுதான்ப்பா" என்றாள். பின்னால் ஒட்டியிருந்த சீட்டைப் படித்து எட்டு ஓமுக்கும் நாலு ஓமுக்கும் கணக்குச் சரிபார்த்த பிறகுதான் கடைக்காரரிடம் பேரமே பேசினாள்.

வீட்டில் மாட்டினாள். பாட்டு ஆரம்பித்ததும் உங்கள் மாமியார் சமையலறைக் குழாயை நிறுத்திவிட்டு, "யாரு வந்திருக்கா?" என்று கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். பாடுகிற அம்மாள் மூச்சு இழுப்பதுகூடக் கேட்கிறது மாப்பிள்ளை! நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். என் மகள் ஒரு பாட்டுதான் கேட்டாள். "அவர் இதைக் கேக்கணும்ப்பா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஆகவே வீண் ரோஷம் பார்க்காமல் உடனே புறப்பட்டு வாருங்கள். "நீ சொன்ன ஆம்ப்தான் சரி" என்று அவளிடம் ஒரே ஒரு வாக்கியம் சொல்லுங்கள். சொல்லிவிட்டு அவளையும் அந்தக் கதவுகளையும் அழைத்துக்கொண்டு போங்கள். எனக்கு என் ஹால் வேண்டும். அந்த வால்வு ஆம்ப்பைப் படுக்கை அறையில் விளக்காக வைத்துக்கொள்ளலாம், தப்பில்லை.

நீங்கள் இருவரும் ஒரு வீட்டில் ஒரு பாட்டைக் கேட்டுக்கொண்டு நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும் என்று வாழ்த்துகிற,

உங்கள் மாமனார்.

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப் போகிற நேரத்தில் உங்கள் போன் வந்தது. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பேசினாள். என்ன சொன்னீர்களோ தெரியாது, வெளியே வரும்போது கையில் துணிப் பெட்டியோடு வந்தாள். சாயங்கால வண்டிக்கே கிளம்புகிறாள். ஆகையால் நீங்கள் வர வேண்டாம். ஸ்பீக்கரை எடுத்துப் போகச் சொன்னதையும் ரத்து செய்துகொள்ளுங்கள். உங்கள் மாமியார் இரண்டுக்கும் எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார், அசைய மறுக்கிறார். "பொண்ணு போகட்டும், போக வேண்டியவதான். இது இங்கயே இருக்கட்டும். அப்பத்தான் ரெண்டு பேரும் மாசத்துக்கு ஒரு தடவையாவது இந்தப் பக்கம் எட்டிப் பாப்பாங்க" என்கிறார். ஸ்பீக்கரைப் பிடித்து வைத்து ஆளை வரவழைக்கிற புத்தி என் மகளுக்கு யாரிடமிருந்து வந்தது என்று இப்போதுதான் தெரிந்துகொண்டேன்.