உருண்டை அண்ணனின் பெயரை அழித்தவன்

உலகம் உருண்டை என்று நாமெல்லாம் பள்ளிக்கூடத்தில் படித்தோம், மார்க் வாங்கினோம், மறந்துவிட்டோம். அதை மறக்க முடியாமல் சோறு தண்ணி இல்லாமல் அவதிப்பட்ட ஒரே மனிதர் மதுரை ஆனையூரில் இருந்தார். எங்கள் ஆபீஸில் அவருக்கு உருண்டை அண்ணன் என்று பெயர். ஆள் என்னவோ முருங்கைக்காய் மாதிரிதான் இருப்பார்.

கல்யாண மண்டபம், பிளாட், நகைக்கடை எல்லாவற்றையும் சுற்றிப் படமெடுத்து, செல்போனில் விரலால் திருப்பித் திருப்பிப் பார்க்கும்படி செய்து கொடுப்பது எங்கள் தொழில். கேமரா மேலே, கீழே, முன்னே, பின்னே என்று எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பார்த்துவிடும். அந்த உருண்டைக் காட்சியைக் கம்ப்யூட்டர் தட்டையாக விரிக்கும்போதுதான் வினை. நடுவில் மணமேடை ஒழுங்காக இருக்கும். கூரையும் தரையும் ஜவ்வாக இழுபடும். அதைப் பெட்டியின் ஆறு பக்கங்கள் போல வெட்டி, தரையைச் சரிசெய்து, மறுபடி உருண்டையாக ஒட்ட வேண்டும். இந்த மாற்றங்களையெல்லாம் செய்ய அண்ணன் தனியாளாக ஒரு மென்பொருள் எழுதியிருந்தார். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்த்துத் திருத்தியும்கொள்ளலாம் என்று இணையத்தில் இலவசமாகப் போட்டும் விட்டார்.

அவரோடு புரோட்டா சாப்பிடப் போவது தண்டனை. மாஸ்டர் மாவு உருண்டையை அடித்து விரிப்பதைப் பக்கத்தில் போய் நின்று பார்ப்பார்.

"மாஸ்டரண்ணே, நடுவுல சரியா இருக்கு. ஓரத்துலதேன் ரொம்ப இழுக்குறீக."

"உனக்குப் புரோட்டா வேணுமா, பூகோளம் வேணுமா? போய் உக்காருய்யா!"

ஒருநாள் அட்டைப்பெட்டி ஒன்றின் உள்பக்கம் முழுக்கப் படங்களை ஒட்டி, எங்கள் முதலாளியின் தலையில் கவிழ்த்துவிட்டார். "உள்ள நல்லாப் பாருங்க சார், மண்டபத்துக்கு நடுவுல நிக்கிற மாதிரி இருக்கா?" முதலாளி உள்ளே பார்த்துக்கொண்டிருந்தபோது, ஆர்டர் கொடுக்கத் திருமங்கலத்திலிருந்து ஒரு மண்டபக்காரர் வந்து சேர்ந்தார். பெட்டிக்குள்ளிருந்து "வாங்க வாங்க" என்று குரல் வந்தது. மனிதர் படியிறங்கிப் போனவர்தான், திரும்பவே இல்லை.

அண்ணனின் அக்கா மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில்தானே பிள்ளையை உட்கார வைக்க வேண்டும்? மடியில் பிள்ளை, பிள்ளையின் தலைக்கு மேல் செல்போன். ஊசி இறங்குகிறது, பிள்ளை வீறிடுகிறது, மாமன் டைப் அடித்துக்கொண்டிருக்கிறார்.

"அடேய், இப்பயாச்சும் அதைக் கீழ வையிடா!" என்று அக்கா கத்தினார்.

"இருக்கா! போலந்துல ஒருத்தனுக்குத் தரை தலைகீழாத் தெரியுதாம். பாவம், அவன் என்ன செய்வான்?"

இத்தனை பேருக்குச் சும்மா உழைத்தவர் பதிலுக்குக் கேட்டது ஒன்றுதான். "யாரும் எம்புட்டு வேணா எடுத்துக்கட்டும் மாப்ள. எம்பேரு மட்டும் அதுல இருக்கணும்." மென்பொருளைத் திறந்தால் முதல் திரையின் அடியில், எறும்பு அளவில் அந்தப் பெயர் இருக்கும்.

முதலாளியை அந்த எறும்பு கடித்தது. எல்லாம் எங்கள் கம்பெனியின் சொந்தச் சரக்கு என்று வாடிக்கையாளர்கள் நினைக்க வேண்டுமாம். முன்மேஜையில் வருகிறவர்களுக்குக் காட்டும் கம்ப்யூட்டரில் மட்டும் பெயரை எடுத்துவிடச் சொன்னார். அண்ணன் அந்த மேஜைப் பக்கம் வருவதே இல்லை. நான் அதை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் கம்பெனி பெயரைப் போட்டேன். முடியாது என்று சொல்லியிருக்கலாம். எனக்கு வாய் வரவில்லை.

அந்தச் சமயத்தில்தான் நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்த அண்ணனுக்கு ஒரு வரன் அமைந்தது. மேலூர்ப் பெண், கல்லூரியில் கணக்கு வாத்தியார். பெண் பார்க்கப் போன இடத்தில் இருவரும் ஒரு ஆரஞ்சுப் பழத்தை உரித்து, தோலைத் தட்டையாக விரித்து வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பேசினார்களாம். மறுநாள் அண்ணன் இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். அப்படி அவரைப் பார்த்ததே இல்லை.

நிச்சயத்துக்கு முன்னால் மாப்பிள்ளையைப் பற்றி ஆபீஸில் விசாரிப்பது வழக்கமாயிற்றே. பெண்ணின் அப்பா, நெல் வியாபாரி, வந்தார். அண்ணன் படப்பிடிப்புக்கு வெளியே போயிருந்தார். வந்தவர் என் எதிரில் உட்கார்ந்தார். பக்கத்து நாற்காலியில் முதலாளி.

"தம்பி, ஒலகம் பூரா ஓடுற மென்பொருளைத் தனியா எழுதுனேன்னு மாப்பிள்ளை சொன்னாரு. எம்பொண்ணுக்கு அதுலதேன் ரொம்பச் சந்தோசம். நெசந்தானா?"

திரையைப் பார்த்தார். அங்கே கம்பெனி பெயர் இருந்தது. முதலாளி என்னைப் பார்த்தார்.

"அது... ஆபீஸ்ல எல்லாரும் சேந்து பண்ணுனதுங்கய்யா."

இணையத்தில் தேடியிருந்தால் அண்ணனின் பெயர் கிடைத்திருக்கும். ஆனால் பெரியவர் இணையத்தை நம்பி வரவில்லை, என்னை நம்பி வந்திருந்தார். "அப்பப் பொய்யா சொன்னாரு?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டு எழுந்தார். காபிகூடக் குடிக்கவில்லை.

சாயங்காலம் அண்ணன் ஓடி வந்தார். "மாப்ள, வந்தாகளாமே? என்ன சொன்ன?"

"நல்லவிதமாத்தேன் சொன்னேன்ணே."

"அப்பச் சரி" என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

வரன் கைவிட்டுப் போனது. காரணத்தைத் தரகர் சொன்ன அன்று, அண்ணன் முதல்முறையாக முன்மேஜைக்கு வந்து அந்தத் திரையைத் திறந்து பார்த்தார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். "நீயா மாப்ள?" என்று மட்டும் கேட்டார். நான் கீபோர்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாதியில் இருந்த மண்டபப் படத்தை முடித்துக் கொடுத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். பிறகு கோயம்புத்தூரில் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். கல்யாணம் ஆகவில்லை என்றும் கேள்விப்பட்டேன்.

மென்பொருளில் கோளாறு இருந்தால் எழுத, அவருடைய இணையப் பக்கத்தில் ஒரு இடம் உண்டு. உலகமே படிக்கும் இடம். போன மாதம் அங்கே போய், என் சொந்தப் பெயரில் எழுதினேன்: "அண்ணே, ஒங்க பேரை அழிச்சது நாந்தேன். மேலூர்க்காரர்ட்ட வாய் கூசாமப் பொய் சொன்னதும் நாந்தேன். மன்னிக்கச் சொல்லிக் கேக்கக்கூட எனக்கு முகம் இல்ல."

கால் மணி நேரத்தில் பதில் வந்தது.

"இது எப்பவோ சரியாயிருச்சு மாப்ள. வேற ஏதும் கோளாறு இருந்தா எழுது."

அது சரியாகவில்லை என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் தினமும் காலையில் ஒருமுறை அந்தப் பக்கத்தைத் திறந்து, அவர் என்னை மாப்ள என்று கூப்பிட்டிருப்பதைப் படித்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குகிறேன்.