கடலம்மன் திருப்பித் தந்த கலியாணங்கள்

வெள்ளிக்கிழமை குருக்கள்மடத்தில் பஸ் நின்றால் பாதிப்பேர் இறங்கிவிடுவார்கள். கோயிலுக்கு அல்ல, வினாயகமூர்த்தி சாமியிடம். நாட்டில் சண்டை முடிந்து ஒரு வருடம். ஓடி ஒளியத் தேவையில்லாத சனத்தைச் சாமி வரிசையில் நிற்க வைத்துவிட்டார்.

சுனாமி கொண்டுபோன கலியாண வீடியோக்களை அவர் கடலம்மனிடம் திரும்ப வாங்கித் தருகிறார். தொலைக்காட்சிக்கு முன்னால் ஒரு குடம் கடல் தண்ணீர், கொஞ்சம் மந்திரம், உடனே மணவறை தெரியும். கரண்ட் போனால் அம்மனும் போய்விடுவாள். அது ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. சிலருடைய கலியாணம் வரவே வராது. அவர்கள் பாவிகளாம்.

அன்னப்பூரணிக்குப் போன வெள்ளி அவளுடைய கலியாணப் படம் வந்தது. மாப்பிள்ளை முகம் தெரியுமுன்னே படம் நின்றது. "மிச்சத்துக்கு அம்மன் பொன் கேட்கிறாள்" என்றார் சாமி. கடல் அவளுடைய புருசனைக் கொண்டுபோனபோது மகள் ஆர்த்திகா கைக்குழந்தை. வீட்டில் அவருடைய போட்டோ ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஆறு வயதாகியும் பிள்ளைக்கு அப்பாவின் முகம் தெரியாது. அதனால் இந்த வெள்ளி, இருந்த ஒரே சோடித் தோட்டைக் கொடுக்க வந்திருந்தாள். கூடவே மகளும், தங்கை யசோதினியும். யசோதினிக்குப் புளியந்தீவில் பாகங்களைச் சேர்த்துக் கம்பியூட்டர் பூட்டும் கடையில் வேலை.

"தோட்டக் கழட்டாதக்கா. கொஞ்சம் பொறு" என்றாள் யசோதினி.

"வாய மூடு புள்ள. சாமிக்குக் கோவம் வந்தா வந்த படமும் போயிரும்."

போன வெள்ளி வந்த துண்டுப் படம் மறுபடி ஓடியது. தொலைக்காட்சியின் அடிப்பக்கம் முழுக்க வேப்பிலை கட்டியிருந்தது.

"சாமி, இந்த வேப்பிலைய ஒருக்கா எடுக்கட்டா?" என்றாள் யசோதினி.

"தொட்டால் கண் போகும்."

"ரெண்டு இரிக்குதானே. ஒண்டு போகட்டும்."

எடுத்தாள். கண் போகவில்லை. திரையின் அடியில் 'பூந்தென்றல் வீடியோ' என்று பெரிய எழுத்து, பக்கத்தில் தொலைபேசி இலக்கம்.

"அது அம்மன் எழுதினது" என்றார் சாமி.

"அம்மன் கலியாண வீடுகளுக்குக் கமெரா பிடிக்கவும் வாறவவோ?"

வரிசையில் நின்ற ரதீஸ் முன்னுக்கு வந்தான். "நம்மட கலியாணத்த வேற ஆள்தான் பிடிச்சவர். அதுக்காகவா சாமி நான் மூணு மாசமாப் பாவி?"

சனம் சிரிக்கத் தொடங்கியது. யசோதினி தொலைக்காட்சியின் வயரைப் பிடித்துக்கொண்டே போய்ப் பின்னறைத் திரைச்சீலையை இழுத்தாள். உள்ளே ஒரு கம்பியூட்டர். பக்கத்தில், கடையை மூடிவிட்டுக் கட்டார் நாட்டுக்குப் போன பூந்தென்றல்காரரின் பழைய வீடியோ கசெற்றுகள் பெட்டி பெட்டியாக. எல்லாவற்றிலும் மாப்பிள்ளை, பொம்பிளை பெயர்கள்.

"இதமாதிரி ஒண்ட நானும் வீட்டில சேத்துப் பூட்டி வச்சிரிக்கன்" என்றாள். "படம், பாட்டு எல்லாம் இதுக்குள்ள போட்டா, வயர் வழியா ரிவியில பாக்கலாம். நான் ஒரு நாளும் விரதம் இருக்கல்ல."

கசெற்றுகளிலிருந்து கம்பியூட்டரில் ஏற்றியிருந்த படங்களில் அக்காவின் பெயரைத் தேடி அழுத்தினாள். மாப்பிள்ளை முழுதாகத் தெரிந்தார். வாய் நிறையப் பலகாரம்.

"அம்மா, இவர் ஏன் சாப்பிட்டுக்கிட்டே இரிக்கார்?" என்றாள் ஆர்த்திகா.

"அதுதான், மகள், உங்கட அப்பா." அன்னப்பூரணி சிரித்தாள். தோடு காதிலேயே இருந்தது.

பொழுதுபடும்வரை கலியாணம் கலியாணமாக ஓடியது. பாவிகளும் உட்கார்ந்து பார்த்தார்கள். சாமி எந்தப் பக்கத்தால் போனார் என்று யாரும் கவனிக்கவில்லை.

கடல் எடுத்ததைத் திருப்பித் தந்ததில்லை. வாங்கித் தருகிறேன் என்று இன்னொருவன் வருவான். கும்பிடுகிற கையால் முதலில் திரைச்சீலையை விலக்கிப் பாருங்கள். கண் போகாது, திறக்கும்.