முக்கால் மணி நேர லாபம்

பணத்தை மிச்சம் பிடிப்பவர்களை உங்களுக்குத் தெரியும். மின்சாரத்தை மிச்சம் பிடிப்பவர்களையும் தெரியும். பேச்சைக்கூட மிச்சம் பிடிக்கிறவர்கள் உண்டு. அவர்கள் பக்கத்து வீட்டில் இருப்பது ஒரு கொடுப்பினை. இப்போது நான் உங்கள் முன்னால் கொண்டுவந்து நிறுத்தப்போகிறவர் வேறு ரகம். அவர் நேரத்தை மிச்சம் பிடிப்பவர். அதுவும் எங்கே? மனைவி, இரண்டு சின்னக் குழந்தைகள், கூடாரம், அடுப்பு, குளிர்பெட்டி, மடக்கு நாற்காலி, ஒரு மைத்துனன் ஆகிய அனைத்தையும் ஒரே வண்டியில் திணித்துக்கொண்டு, ஆளும் மரமும் இல்லாத வெட்டவெளியில் இரண்டாயிரம் கிலோமீட்டர் தாண்டி விடுமுறையை நிதானமாக அனுபவிக்கப் போகும் பாதையில்.

எங்கள் ஆஸ்திரேலியாவில் ஜூலை மாதப் பள்ளி விடுமுறை விட்டால் போதும், இந்த இனம் கூட்டம் கூட்டமாக நெடுஞ்சாலைக்கு வந்துவிடும். அடையாளம் காண்பது சுலபம். பெட்ரோல் பங்கில் ஒரு கையால் டீசல் குழாயைப் பிடித்துக்கொண்டே மறு கையால் கண்ணாடி துடைத்து, வாயால் குழந்தைகளைக் கழிவறைக்கு விரட்டிக்கொண்டிருப்பார். எந்த ஊரைப் பற்றிக் கேட்டாலும் கடிகாரக் கணக்கில்தான் பதில் வரும். "சேடூனா எப்படி இருந்துச்சு?" என்று கேளுங்கள். "பதினொண்ணு இருபதுக்குத் தாண்டிட்டோம்" என்பார். கடல் நீலமாக இருந்ததா, சிப்பி நன்றாக இருந்ததா? அதெல்லாம் நின்றவர்களுக்குத்தான் தெரியும். எதிரே வரும் வண்டிக்காரருக்கு ஸ்டியரிங்கிலிருந்து ஒற்றை விரலை உயர்த்தி வணக்கம் சொல்லும் எங்கள் ஊர் வழக்கத்தை மட்டும் அவர் விடாமல் கடைப்பிடிப்பார். அதற்கு வேகத்தைக் குறைக்க வேண்டியதில்லை.

எனக்கு வாய்த்தவர் டேமியன் பாஸ்கோ. என் தங்கை நெரிடாவின் கணவர். முர்ரே பிரிட்ஜ் ஊரில் பண்ணைகளுக்கு பம்பு செட் பழுது பார்க்கிறவர். திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு வருகிறேன் என்று அவர் சொன்னால், பண்ணைக்காரர் வியாழக்கிழமை வாசலைத் திறந்து வைப்பார். அப்பேர்ப்பட்ட மனிதர் விடுமுறை என்றதும் ரயில்வே அட்டவணையாகிவிடுவார். '5.10 புறப்பாடு. 7.45 கழிவறை. 7.49 புறப்பாடு' என்று அச்சடித்து, பிளாஸ்டிக் உறை போட்டு, டாஷ்போர்டில் ஒட்டியிருந்தார். நான்கு நிமிடத்தில் நான்கு பேர். நான் ஐந்தாவது ஆள். என்னைப் பற்றி அட்டவணையில் எதுவும் இல்லை.

என் இடம் பின்னால், இரண்டு குழந்தை இருக்கைகளுக்கு நடுவே. வலது பக்கம் ஐந்து வயது டில்லி. இடது பக்கம் மூன்று வயது ஆர்லோ. டில்லிக்கு இந்தப் பயணத்தில் வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான்: திமிங்கலம். குளிர்காலத்தில் தாய்த் திமிங்கலங்கள் குட்டி போட எங்கள் தென்கரைக்கு வரும். நெடுஞ்சாலையிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர் கடல் பக்கம் போனால் செங்குத்துப் பாறைமேல் நின்று பார்க்கலாம். பிப்ரவரி மாதத்திலிருந்து அவள் திமிங்கலம் வரைந்து வரைந்து ஒட்டிக்கொண்டிருக்கிறாள். அவர்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் நிறம் என்ன என்று இப்போது யாருக்கும் ஞாபகம் இல்லை.

இரண்டாம் நாள் மதியம் அந்தத் திருப்பம் வந்தது. டில்லிக்கு இன்னும் சரியாகப் படிக்கத் தெரியாது. ஆனால் பலகையில் வரைந்திருந்த வாலைத் தெரியாதா?

"அப்பா, திமிங்கலம் போட்ருக்கு."

"பாத்தேன் கண்ணு. இப்ப நல்லா போயிட்டிருக்கோம்ல? திரும்பி வரும்போது பாத்துக்கலாம். அது எங்க போயிடப் போகுது?"

"அக்டோபர்ல போயிடும், டேமியன்," என்றாள் நெரிடா.

"இது ஜூலைதானே?"

பலகை பின்னால் போய்விட்டது. டில்லி கழுத்தைத் திருப்பி, அது புள்ளியாகும்வரை பார்த்தாள். ஒரு மாமனாக நான் அங்கே ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். 'பிஸ்கட் வேணுமா?' என்று கேட்டேன். என் வீரம் அவ்வளவுதான்.

அடுத்தது மாநில எல்லை. எங்கள் பக்கத்துப் பழமும் காய்கறியும் தேனும் எல்லையைத் தாண்டக் கூடாது. பூச்சியும் நோயும் பரவுமாம். ஆகவே எல்லாவற்றையும் தொட்டியில் போட்டுவிட வேண்டும். நெரிடா மூன்று கிலோ மாண்டரின் ஆரஞ்சு வாங்கி வைத்திருந்தாள். டேமியன் பழத்தை வீணாக்க மாட்டார். நிறுத்தித் தின்னவும் விட மாட்டார். அப்புறம் என்ன வழி? ஓடுகிற வண்டியில், மிச்சமிருந்த எண்பது கிலோமீட்டருக்குள், தலைக்கு இத்தனை என்று தின்று தீர்க்க வேண்டும் என்று உத்தரவாயிற்று. உரிக்கும் பொறுப்பு எனக்கு. அரை பாட்டில் தேன் இருந்தது. அதுவும் ஒரு கரண்டியோடு எனக்கே வந்து சேர்ந்தது.

"மாமா, போதும்," என்றான் ஆர்லோ ஆறாவது பழத்தில்.

"இன்னும் ரெண்டே ரெண்டுடா. அப்பா பாவம்ல?" என்றேன். இதைச் சொன்னதற்கான தண்டனையை நான் சீக்கிரமே அனுபவித்தேன்.

எல்லையில் சோதனை செய்கிற அதிகாரி உள்ளே எட்டிப் பார்த்தார். "பழம் ஏதாச்சும் இருக்கா?"

"ஒண்ணுகூட இல்ல சார்," என்றார் டேமியன்.

அதிகாரி குழந்தைகளின் கன்னத்தையும் என் சட்டையையும் பார்த்தார். "பைக்குள்ள இல்லன்னு தெரியுது," என்று சொல்லி வழிவிட்டார்.

இந்த எல்லையில் இன்னொரு விஷயம் உண்டு. அந்தப் பக்கம் கடிகாரம் முக்கால் மணி நேரம் பின்னால். சூரியனும் பூமியும் சேர்ந்து செய்த ஏற்பாடு. தனி மனிதர் யாருக்கும் இதில் பங்கில்லை. ஆனால் டேமியன் வண்டியை ஓட்டிக்கொண்டே, ஆழம், உயரம், காற்றழுத்தம் எல்லாம் காட்டும் தன் பெரிய கைக்கடிகாரத்தைப் பயபக்தியோடு பின்னால் திருப்பி வைத்தார். "முக்கால் மணி நேரம் லாபம், மச்சான்," என்றார். குரலில் அப்படி ஒரு பெருமை. பூமியைச் சுற்றிவிட்டவரே அவர்தான் என்று நினைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

"அப்பா, அந்த முக்கால் மணி நேரம் நம்மகிட்ட சும்மாதான இருக்கு?" என்று கேட்டாள் டில்லி.

"ஆமா கண்ணு."

"அப்ப திரும்பிப் போயி திமிங்கலம் பாத்துட்டு வந்துரலாமா?"

இதைவிட நேர்மையான ஒரு கேள்வியை நான் கேட்டதில்லை. டேமியன் பக்கவாட்டுக் கண்ணாடியைச் சரிசெய்தார். அது ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது. நெரிடா சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பதில் வருவதற்குள் ஆர்லோ, தான் தின்ற எட்டு மாண்டரின்களையும் என் மடியில் திருப்பி ஒப்படைத்தான்.

வண்டியை நிறுத்தி, குழந்தையைக் கழுவி, இருக்கையைக் கழுவி, என்னைக் கழுவி முடிக்க நாற்பது நிமிடம் ஆயிற்று. டேமியன் கடிகாரத்தைப் பார்த்தார். "பரவால்ல. இன்னும் அஞ்சு நிமிஷம் லாபத்துலதான் இருக்கோம்."

இந்த இனத்தை முழுமையாக ரசிக்க வேண்டுமானால் மாலையில் முகாமில் பார்க்க வேண்டும். இரண்டே நிமிடத்தில் விரியும் என்று விற்கப்பட்ட கூடாரத்தை ஐம்பது நிமிடம் போராடி விரித்துவிட்டு, மடக்கு நாற்காலியில் சாய்ந்து, அண்டை அயலாரை விசாரிப்பார். அன்று பக்கத்துக் கூடாரத்தில் வயதான தம்பதி உட்கார்ந்து சோளம் சுட்டுக்கொண்டிருந்தார்கள்.

"சேடூனாவுல எப்ப கெளம்பினீங்க?" என்று ஆரம்பித்தார் டேமியன்.

"செவ்வாக்கிழம," என்றார் கிழவர்.

அன்று சனிக்கிழமை. டேமியன் நாற்காலியை வேறு பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

சரி, இப்படி மிச்சம் பிடித்த நேரத்தை இவர்கள் என்னதான் செய்கிறார்கள்? உங்களுக்கும் இந்தச் சந்தேகம் வந்திருக்கும். எனக்கும் இருந்தது. எஸ்பெரன்ஸ் கடற்கரை முகாமுக்கு நாங்கள் அட்டவணைக்கு ஒன்றரை மணி நேரம் முன்னாலேயே போய்ச் சேர்ந்தோம். முகாமில் இரண்டு மணிக்கு முன்னால் யாரையும் உள்ளே விடுவதில்லை. எனவே வாசலில், வெயிலில், மூடிய வண்டிக்குள் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம்.

ஒரு வாரம் கழித்துத் திரும்பினோம். சும்மா சொல்லக் கூடாது, டேமியன் வாக்கு மாறவில்லை. புதிய அட்டவணையில் '3.40 திமிங்கலம் (15 நி.)' என்று அவரே கைப்பட எழுதியிருந்தார். அன்று காலையிலிருந்தே டில்லி தன் நீலக் கோட்டைக் கழற்றவில்லை. எல்லையைத் தாண்டினோம், திருப்பத்தில் திரும்பினோம், கடல் பக்கம் பன்னிரண்டு கிலோமீட்டர் போனோம். மூன்று நாற்பதுக்கு டாணென்று வாசலில் போய் நின்றோம்.

ஒரு பெண்மணி கேட்டைப் பூட்டிக்கொண்டிருந்தார்.

"உள்ள விடுறது நாலு மணியோட சரி தம்பி. காலைல எட்டு மணிக்கு வாங்க."

"இப்ப மூணு நாப்பதுதானேக்கா ஆகுது?" டேமியன் கையை நீட்டிக் கடிகாரத்தைக் காட்டினார்.

அந்த அம்மாள் அதை நன்றாகக் குனிந்து பார்த்தார். "நாலு இருபத்தஞ்சு ஆயிருச்சுப்பா. உன் கடிகாரம் இன்னும் அந்தப் பக்கத்துலயே நிக்குது."

விஷயம் விளங்குகிறதா? போகும்போது எல்லை தந்த முக்கால் மணி நேரத்தை ஓடுகிற வண்டியிலேயே வாங்கி வைத்துக்கொண்டவர், வரும்போது அதைத் திருப்பிக் கொடுக்க மறந்துவிட்டார். கொடுக்க மனம் வரவில்லை என்றுதான் நான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

டில்லி அழவில்லை. இறங்கிப் போய், கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அங்கிருந்து கடல் தெரியாது. புதரும் மணலும்தான். அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னால் அந்தப் பக்கம் பார்க்க முடியவில்லை.

"நாளைக்கு போர்ட் அகஸ்டா போயாகணும், நெரிடா," என்று தொடங்கினார் டேமியன். "இங்க ராத்திரி தங்கணும்னா பின்னால இருவத்தஞ்சு கிலோமீட்டர் போகணும். வந்த வழியிலயே. பின்னால."

"சாவியக் குடு," என்றாள் நெரிடா.

"இல்ல, நான் என்ன சொல்றேன்னா..."

"பதினோரு நாளா நீ சொன்னத நாங்க கேட்டாச்சு. சாவிய எங்கிட்ட குடு."

கொடுத்தார். கல்யாணமான நாளிலிருந்து, போக வேண்டிய இடம் சேராமல் பாதி வழியில் வண்டி பின்னால் திரும்பியது அன்றைக்குத்தான் முதல்முறை. டேமியன் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, கடந்து வந்த கிலோமீட்டர் பலகைகள் ஒவ்வொன்றும் எதிரே வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். எதிரே வந்த லாரிக்கு விரலை உயர்த்தக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

மறுநாள் எட்டு மணிக்கு முதல் ஆளாக உள்ளே போனோம். பாறை விளிம்பில் மரப்பலகை நடைபாதை. கீழே பச்சைக் கடலில் ஒரு தாயும் குட்டியும். தாய் அப்படியே மிதந்துகொண்டிருந்தது. எங்கும் போகவில்லை, எதுவும் செய்யவில்லை.

"இது எப்பக்கா கெளம்பும்?" என்று கேட்டார் டேமியன்.

"அக்டோபர்ல. குட்டி தேறணும்ல? அதுவரைக்கும் அம்மாக்காரி இங்கதான். சாப்பாடுகூடப் பெருசா கெடையாது," என்றார் கேட்டுக்கார அம்மாள்.

குட்டி தாயின் முதுகில் ஏறிப் புரண்டு அந்தப் பக்கம் விழுந்தது. மறுபடி ஏறியது. மறுபடி விழுந்தது. டேமியனின் கை கம்பிமேல் இருந்தது. பார்வை கடிகாரத்தின் பக்கம் போகவே இல்லை. டில்லியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். "அங்க பாரு, வாலைத் தூக்குது பாரு," என்று அவர் காட்டினார். டில்லி பார்த்தாள், சிரித்தாள், குட்டி எத்தனை முறை விழுகிறது என்று எண்ணினாள். எனக்கே கண் கலங்கிவிட்டது. அந்த மனிதரைப் பற்றி இதுவரை நான் பேசிய கேலியையெல்லாம் திரும்ப வாங்கிக்கொள்ளலாமா என்றுகூட யோசித்தேன்.

பதினைந்து நிமிடம் இருக்கும். டில்லி தோளிலிருந்து சறுக்கி இறங்கினாள். கோட்டின் ஜிப்பை மேலே இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"பாத்தாச்சுப்பா. கெளம்பலாம்."

"இன்னும் கொஞ்ச நேரம் இருக்கலாமேடா. வெளாடுது பாரு."

"நாம முந்தின லாரியெல்லாம் இப்ப நம்மள முந்திப் போயிட்டிருக்கும்பா. தம்பிய பாத்ரூம் கூட்டிட்டுப் போங்க. நாலு நிமிஷம்."

கிண்டல் இல்லை, கோபம் இல்லை. அப்பாவுக்கு ஒத்தாசையாகத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு வண்டியை நோக்கி நடந்தாள், திரும்பிப் பார்க்காமல். டேமியன் அங்கேயே நின்றார். நெரிடா கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். யாருக்கும் ஆறுதல் சொல்கிற முகமாக அது இல்லை.

நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை என்று எனக்குத் தெரியும். இதைப் படிக்கும்போது நடுவில் ஒருமுறை, ஆர்லோ வாந்தியெடுத்த இடத்தில் என்று வைத்துக்கொள்ளுங்களேன், இன்னும் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பக்கத்தைத் தள்ளிப் பார்த்தீர்களே, அதைக்கூட நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எப்படியோ சீக்கிரம் முடித்துவிட்டீர்கள். இரண்டு நிமிடம் லாபம். எதையோ காட்ட வேண்டும் என்று வீட்டில் யாரோ உங்களைக் கூப்பிட்டார்களே, நீங்களும் தலை நிமிராமல் 'இதோ வர்றேன்' என்றீர்களே. அந்த இரண்டு நிமிடத்தை எடுத்துக்கொண்டு போய்ப் பாருங்கள், இன்னும் அங்கே நிற்கிறார்களா என்று.