குமரகுரு பார்த்து எடுத்த கியர்பாக்ஸ்

காலை ஐந்தரை மணி, பதினாலு மூட்டை கேரட், குமரகுரு. மூன்றும் மன்னவனூர் தாண்டி ஒரு கொண்டை ஊசி வளைவில் ஒன்றாக நின்றன. ஜீப்பின் மூக்கிலிருந்து கிளம்பிய வெள்ளைப் புகை, மூடுபனியோடு கலந்தது. எது புகை, எது பனி என்று தெரியவில்லை. எஞ்சின் போய்விட்டது என்பது மட்டும் தெரிந்தது.

பூண்டியிலிருந்து ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தைக்கு இருபது வருஷமாகக் கேரட் சுமந்த ஜீப் அது. பத்து மணிக்கெல்லாம் மூட்டைகள் சந்தையில் இறங்கிவிடும். குமரகுரு வீட்டில் இறங்குவது மறுநாள் சாயங்காலம். நடுவில் ஒரு பிரியாணி, ஒரு சினிமா, அரட்டைக்கு நாலு லாரி டிரைவர்கள். கேட்டால், "சந்தைன்னா சும்மாவா" என்பார்.

அந்த டிரைவர் சீட்டுக்கு மார்கழியிலேயே ஆபத்து வந்திருந்தது. மனைவி முருகேஸ்வரி கொடைக்கானலில் டிரைவிங் ஸ்கூலுக்குப் போய் லைசென்ஸ் வாங்கிவிட்டார். அதைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தார். எல் போர்டை ஆணியில் மாட்டினார்.

"அதான் லைசென்ஸ் வந்திருச்சே. அந்த அட்டையத் தூக்கி அடுப்புல போடு."

"கெடக்கட்டுங்க. யாருக்காச்சும் ஆகும்."

"சரி, எத ஓட்டப்போற?"

"நம்ம ஜீப்பத்தான். வெள்ளனே போயி லோடு எறக்கிட்டு அன்னிக்கே பொழுதோட திரும்பிருவேன். ஒங்களுக்கும் அலைச்சல் மிச்சம்."

குமரகுரு அந்த மிச்சத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தார். பிரியாணி, சினிமா, அரட்டை எல்லாம் மிச்சமாகிவிடும்.

எனவே, எஞ்சின் போனதில் அவருக்குப் பாதி துக்கம்தான். பெருமாள்மலையில் சிவமுருகனின் பட்டறைக்கு ஜீப்பை இழுத்துப்போனார். பழைய வேனில் கழற்றிய டீசல் எஞ்சின் ஒன்று அங்கே கிடைத்தது. ஜீப்பின் கியர்பாக்ஸ் அதனோடு சேராது. சேரக்கூடியவை இரண்டு, தரையில் எண்ணெய் வழியக் கிடந்தன.

"இது அஞ்சு கியருண்ணே," என்றார் சிவமுருகன். "வெண்ணெய் மாதிரி விழும். யாரு வேணா ஓட்டலாம். ஆனா லோடோட மேடு ஏறுனா கிளட்ச் தீஞ்சுரும்."

"அது?"

"நாலு கியரு. பழைய லாரி சாமான். ஒண்ணாம் கியர் போட்டா செவுத்துலயே ஏறும். ஆனா முரடு. கியரக் கொறைக்கணும்னா டபுள் கிளட்ச். ஒரு மிதி மிதிச்சு நியூட்ரல், கொஞ்சம் ஆக்சிலேட்டர், மறுபடி ஒரு மிதி, அப்பறம்தான் கியரு. நேரம் தப்புச்சுன்னா கியர் பல்லு கத்தும். டிரைவிங் ஸ்கூல்ல பழகுனவங்களுக்கு ஆகாது."

"கடைசியா என்ன சொன்ன?"

"டிரைவிங் ஸ்கூல்ல பழகுனவங்களுக்கு..."

"அதையே மாட்டு."

"ஒங்களுக்குப் பழக்கம் இருக்காண்ணே?"

"ஏலே, இருபது வருஷமா இந்த மலையில ஓட்டுறேன். எனக்குத் தெரியாத கிளட்ச்சா?"

சிவமுருகன் அவர் முகத்தை ஒரு கணம் பார்த்துவிட்டு ஸ்பானரைத் தேடப் போனார்.

இன்னும் ஒரு சிக்கல் இருந்தது. முருகேஸ்வரி பட்டறைக்கு வந்து வெண்ணெயைக் கை காட்டிவிட்டால்? அதற்கும் குமரகுரு வழி கண்டார்.

"இந்தா முருகேசு. ஜீப்பு வர்ற வரைக்கும் கேரட்டு மண்ணுலயா கெடக்கும்? நான் பட்டறையில நிக்கணும். நீ மயில்சாமி அண்ணன் லாரியில லோடோட போயிட்டு வா."

"சரிங்க."

மறுபேச்சு இல்லாமல் முருகேஸ்வரி 'சரிங்க' சொன்னது கல்யாணத்துக்குப் பிறகு அதுதான் முதல் தடவை. குமரகுரு சந்தேகப்பட்டிருக்க வேண்டும். சந்தோஷப்பட்டார்.

வேலை மூன்று வாரம் இழுத்தது. அவர் பட்டறையில் டீ குடித்தார். முருகேஸ்வரி, ஊர்க்காரர் மயில்சாமியின் தொண்ணூறாம் வருஷத்து லாரியில் சந்தைக்குப் போய்வந்தார். திரும்பும் நாட்களில் இடது முழங்காலில் தைலம் தேய்த்தார்.

"என்ன முழங்காலு?"

"லாரிங்க."

"லாரின்னா அப்படித்தான். ஒக்காந்து வரதுக்கே ஒரு தெம்பு வேணும்."

"ஆமாங்க."

ஜீப் தயாரான அன்று குமரகுரு அதைத் தனியாக ஊருக்கு ஓட்டிவந்தார். பூம்பாறையில் நாய்கள் குரைத்தன. மன்னவனூரில் டீக்கடையை விட்டு ஆட்கள் எழுந்து வந்து பார்த்தார்கள். ஒவ்வொரு வளைவிலும் கியர்பாக்ஸ், தகர டப்பாவில் ஆணியைப் போட்டுக் குலுக்கியது போல அலறியது. மூன்று இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டுத்தான் கியர் போட முடிந்தது. தனக்கே இந்த கதி என்றால் அவளுக்கு? அந்த நினைப்பில் கால் வலி தெரியவில்லை.

மறுநாள் காலை, பதினாலு மூட்டை ஏறியதும், ஊரார் நாலு பேர் பார்க்க சாவியை நீட்டினார்.

"நீயே ஓட்டு முருகேசு. லைசென்ஸ் வச்சிருக்கல்ல."

முருகேஸ்வரி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினார். பழைய எஞ்சின் நின்றுபோன அதே கொண்டை ஊசி வந்தது. குமரகுரு பல் சத்தத்துக்குக் காதைத் தயாராக வைத்தார். ஒரு மிதி. ஒரு உறுமல். இன்னொரு மிதி. கதவுக்குத் தாழ்ப்பாள் விழுவது போல இரண்டாம் கியர் விழுந்தது. ஜீப் வளைந்து ஏறியது. ஒரு குருவிகூடப் பறக்கவில்லை.

அடுத்த இரண்டு வளைவிலும் குமரகுரு மனைவியின் கால்களையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"யாரு சொல்லிக்குடுத்தா?"

"நீங்கதான்."

"நானா?"

"மயில்சாமி அண்ணன் லாரியில நீங்கதான அனுப்புனீங்க. அதுவும் டபுள் கிளட்ச்தான். லோடு எறக்குனதும் சந்தைக்குப் பின்னாடி காலி மைதானத்துல பழகிக்கிட்டேன்."

"நான் இத மாட்டுறேன்னு ஒனக்கு எப்படித் தெரியும்?"

"மொத நாளே சிவமுருகன் தம்பிக்குப் போன் போட்டேன். நாலு கியருன்னுச்சு. எனக்கு ஒரே சந்தோசம். மேட்டு லோடுக்கு அதுதாங்க சரி. பாத்துத்தான் எடுத்திருக்கீங்க."

பாராட்டை மறுக்கவும் முடியாமல், வாங்கவும் முடியாமல் குமரகுரு ஜன்னல் வழியே பைன் மரங்களைப் பார்த்தார். ஒன்பதே முக்காலுக்கு மூட்டைகள் இறங்கின. முருகேஸ்வரி பிரியாணி இரண்டு பொட்டலம் வாங்கினார். வெளிச்சம் இருக்கும்போதே வீட்டு வாசலில் ஜீப் நின்றது. பிரியாணியை வீட்டில் சுடவைத்துச் சாப்பிட்டாலும் நன்றாகத்தான் இருக்கிறது என்பதைக் குமரகுரு அன்று கண்டுபிடித்தார். வெளியே சொல்லவில்லை. இரண்டாவது பொட்டலத்தில் பாதியும் அவர் தட்டுக்கே வந்தது.

"ஏங்க, டபுள் கிளட்ச் ஒங்களுக்கும் வந்துரும்ங்க. காலு ரெண்டு வாரம் வலிக்கும், அவ்வளவுதான்."

2024 மார்ச் 4, திங்கட்கிழமை, ஒட்டன்சத்திரம் சந்தைக்குப் பின்னால் உள்ள காலி மைதானத்தில் குமரகுரு டபுள் கிளட்ச் பழகத் தொடங்கினார். சொல்லிக்கொடுத்தவர் முருகேஸ்வரி. ஜீப்பின் முன்னால் கட்டியிருந்த எல் போர்டு, வீட்டு ஆணியில் மாட்டியிருந்த பழையதுதான்.