ஏரியில் விழுந்த ஓவியர்

நவீன ஓவியர்களில் ஒரு வகை உண்டு. நீங்களும் பார்த்திருப்பீர்கள். இவர்கள் படம் வரைவது பாதி நேரம்தான். மீதி நேரமெல்லாம் அந்தப் படத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, தம் பால்யத்தையும் பயணத்தையும் அதற்குள் நமக்குக் காட்டிக்கொண்டிருப்பார்கள். நாம் ஏதோ நீலக் கறை என்று நினைத்தது அவருடைய ஐந்தாவது வயது. ஓரத்தில் ஒழுகுகிற ஆரஞ்சு, பம்பாய்க் கடற்கரையின் அஸ்தமனம். நடுவில் கறுப்பாக ஒரு கோடு போகிறதே, அது ரயில். எந்த ரயில்? அதை மட்டும் கேட்டுவிடாதீர்கள். குண்டக்கல் ஜங்ஷனில் ஆரம்பித்துவிடுவார்.

எங்கள் பெரிய காஞ்சிபுரத்து டிராயிங் மாஸ்டர் பரசுராமன் இந்த இனத்தின் அசல் மாதிரி. பம்பாய்க்கு அவர் போனது ஒரே தடவை, சித்தப்பா மகன் கல்யாணத்துக்கு. அங்கே இருந்தவரை வயிற்றுக் கோளாறு. கல்யாண வீட்டை விட்டு வெளியே வரவில்லை. ஆனாலும் அஸ்தமனம் எப்படியோ கிடைத்திருக்கிறது.

அறுபத்தெட்டாம் வருஷம், சென்னைக் கண்காட்சிக்குப் படம் தேர்ந்தெடுக்க உமாபதி என்பவர் வந்தார். வருஷா வருஷம் படம் அனுப்பி, வருஷா வருஷம் அது திரும்பி வந்து, இந்தத் தடவையும் போகாவிட்டால் தூரிகையைத் தொடுவதில்லை என்று மாஸ்டர் சபதம் செய்திருந்தார். அன்று நானும் பக்கத்தில் இருந்தேன்.

"இந்த நீலம் எங்க தென்னேரி ஏரி சார். அஞ்சு வயசுல உள்ள விழுந்துட்டேன். கண்ணைத் தொறந்தா எல்லாம் நீலம்."

உமாபதி உருகிப்போனார். சட்டைப் பையிலிருந்து பேனாவும் வெளியே வந்தது. அந்த நேரம் பார்த்துத்தானா, வேடிக்கை பார்க்க வந்திருந்த மாஸ்டரின் அக்கா காந்தா வாயைத் திறக்க வேண்டும்?

"ஏம்பா, ஏரியில வுழுந்தது நானாச்சே. நீ கரையில நின்னு அழுதுக்கினு இருந்தே."

"நான்தான்கா விழுந்தேன். தண்ணி குடிச்சது இன்னும் ஞாபகம் இருக்குது."

"எனக்குந்தான் இருக்குது."

வழக்கு, கூட வந்திருந்த அம்மா பொன்னியம்மாளிடம் போயிற்று. அவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வுழுந்தது நம்ம கன்னுக்குட்டி. உங்க ரெண்டு பேரையும் ஏரிப் பக்கம் நான் வுட்டதே கெடையாதே."

மாஸ்டரின் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. உமாபதிதான் சமாளித்தார்.

"யார் விழுந்தா என்னங்க, படம் நல்லா இருக்கு. சின்ன வயசுல நானும் கிணத்துல விழுந்தவன்தான்..."

சட்டென்று நிறுத்திக்கொண்டார். பொன்னியம்மாளைப் பயத்தோடு ஒரு தரம் பார்த்துவிட்டு, மாஸ்டரின் பெயரை அவசரமாக எழுதிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். கருடசேவைக் கூட்டத்தில் காணாமல் போய், அழுது, யாரோ ஒரு போலீஸ்காரர் தோளில் உட்கார்ந்து வீடு திரும்பியதாக விருந்துக்கு விருந்து சொல்கிறீர்களே, அது நீங்கள்தானா? உங்கள் தம்பி இல்லையே? சந்தேகம் இருந்தால் அம்மாவிடம் கேளுங்கள். ஆனால், படத்தை வரைந்து முடித்துவிட்டுக் கேளுங்கள்.