பூசணிக்காய் படுத்துப் பார்த்த தொட்டில்

பூதலூர்,
புதன்கிழமை

மதிப்புக்குரிய மாப்பிள்ளை பரிதி அவர்களுக்கு, மாமனார் வீரையன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே இசைவாணியும் பேத்தியும் நலம். ஓசூரில் உங்கள் நலமும், உங்கள் கம்பெனி கேண்டீன் சாப்பாட்டின் நலமும் அறிய ஆவல். போனில் சொன்னால் நடுநடுவே கேள்வி கேட்பீர்கள், அதனால்தான் கடிதம்.

கட்டிலை ஒட்டிப் போடும் தொட்டிலை அனுப்பிவிட்டு, "இது சரியா அமையலன்னா ஞாயித்துக்கிழமை வந்து ரெண்டு பேரையும் அழைச்சிக்கிட்டுப் போயிடுவேன் மாமா" என்று சொன்னீர்களே, அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பேத்தி இப்போதுதான் என் விரலைப் பிடித்துக்கொள்கிறாள். அவளை அனுப்பிவிட்டு நான் யார் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருப்பேன்? "ஏன், என் மூஞ்சி இல்லையா?" என்கிறாள் உங்கள் அத்தை அம்சம்.

பிள்ளையைப் போடுமுன் சோதிக்க வேண்டாமா? அவள் எடைக்கு ஒரு பூசணிக்காயைக் கிடத்தினேன். வீடு கழுவினால் தண்ணீர் வாசலுக்கு ஓடட்டும் என்று தரைக்கு வாட்டம் வைத்துக் கட்டியவன் நான், தொட்டிலுக்கோ சக்கரம், பூசணிக்காய் வாசற்படி வரை பயணம் போய்விட்டது. பக்கத்து வீட்டு துரைராசு பிடித்து நிறுத்தி, "என்னண்ணே, காய் எங்க கெளம்பிடுச்சு?" என்கிறான். அவனுக்கு வாய் அதிகம். சக்கரத்துக்கு பிரேக் இருப்பதை அப்புறம்தான் கண்டேன். பிரேக் போட்டுப் பார்த்தால் கட்டில் மேலே, தொட்டில் கீழே. பிள்ளை உருண்டால் என்னாவது? ரம்பத்தை எடுத்துக் கட்டில் காலை அறுத்தேன். ஒரு கால் ஆடியது, அதற்காக மறுகாலை அறுத்தேன், அது இன்னொரு காலைக் கேட்டது. "அறுத்து அறுத்துக் கடைசில பாயில படுக்க வச்சிடாதீங்க!" என்று அம்சம் கத்தினாள். நல்லவேளை, இரண்டும் சமமாக வந்த இடத்தில் நிறுத்திவிட்டேன். அவள் மட்டும் லேசுப்பட்டவளா? தலை உருண்டையாக வரட்டும் என்று கடுகுத் தலையணை தைத்து வைத்திருந்தாள். "தலகாணி, போர்வை, பொம்மை எதுவும் உள்ள கூடாதும்மா" என்று இசைவாணி பிடுங்கிக்கொண்டாள். இந்த வாரம் முழுக்க அந்தக் கடுகில்தான் தாளிப்பு.

இப்போது தொட்டிலைக் கட்டிலோடு வாரால் இறுக்கிக் கட்டியாகிவிட்டது. நடுவில் என் சுண்டுவிரல்கூட நுழையவில்லை. கெட்டியான மெத்தையில் பேத்தி மல்லாந்து படுத்து, இசைவாணியின் கைக்கெட்டும் தூரத்தில் தூங்குகிறாள். பார்க்கப் பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது மாப்பிள்ளை. ஞாயிறு அன்று வாருங்கள், பாருங்கள், கறிக்குழம்பு சாப்பிடுங்கள், தனியாகத் திரும்புங்கள்.

சம்பந்திகளுக்கு எங்கள் அன்பைச் சொல்லவும். ஆடி மாதத்து ஆறு போல உங்கள் வீடு நிறைந்திருக்கட்டும்.

இப்படிக்கு,
வீரையன்

பி.கு.: தொட்டில் காலில் ஒரு பித்தானை அமுக்கினால் அதுவே உயருமாம், இசைவாணி இப்போதுதான் சொன்னாள். அறுத்த கட்டில் எது என்பதையும் மேலே எழுத விட்டுப்போயிற்று. கல்யாணச் சீராக நான் கொடுத்து, உங்கள் ஃபிளாட் மாடிப்படியில் ஏறாமல் திரும்பி வந்த உங்கள் தேக்குக் கட்டில்தான். கோபப்படாதீர்கள். அறுத்த துண்டுகளில் பேத்திக்கு நடைவண்டி செய்ய ஆசாரியிடம் கொடுத்திருக்கிறேன். அது ஓடுவதற்கு வாட்டமான தரை இங்கேதான் இருக்கிறது. அவள் அதைத் தள்ளி நடக்கும்வரை இங்கேயே இருக்கட்டும்.