கூமுக்குத் தெரியாமல் ஒரு கடைவாய்ப்பல்

வறுத்த உப்பைக் காலுறையில் கட்டி, சுடச்சுட வலது கன்னத்தில் ஒத்திக்கொண்டிருந்தார் ராதிசாவ்.

"வலி நல்லாவே குறைஞ்சிடுச்சு" என்றார்.

"வலி குறையுது, கன்னம் மட்டும் ஏன் புளிச்ச மாவு மாதிரி பொங்குது?" என்று கேட்டாள் மனைவி லூபிங்கா.

ராதிசாவ் கண்ணாடியைப் பார்த்தார். உப்பு வைப்பதற்கு முன் ஒரு பாதாம் கொட்டை அளவில் இருந்த வீக்கம் இப்போது முட்டை அளவுக்கு வந்திருந்தது. இதற்கு முந்தைய வைத்தியமும் அவருடையதுதான். ஆஸ்பிரின் மாத்திரையை விழுங்காமல் பல்லுக்குப் பக்கத்தில் ஒதுக்கி வைத்துக்கொண்டார். பல் வலி அப்படியே இருந்தது, ஈறு வெந்து வெள்ளையாகிவிட்டது.

"பேசாம திஹோமிர்கிட்ட போ. நம்ம கூம்தானே! நாலு எட்டு வெச்சா அவன் கிளினிக்."

"செத்தாலும் போகமாட்டேன்."

உஜித்சே நகரில் சொந்தத் தம்பியோடு சண்டை போடலாம், பாதிரியாரோடுகூடப் போடலாம். கல்யாணச் சாட்சியும் பிள்ளைகளின் ஞானத்தந்தையுமான கூமோடு போட முடியாது. ராதிசாவின் கல்யாணத்தில் சாட்சியாக நின்றவர் திஹோமிர். இரண்டு பிள்ளைகளையும் ஞானஸ்நானத்தில் கையில் ஏந்தியவர். வருகிற ஞாயிற்றுக்கிழமை ராதிசாவின் முதல் பேரனையும் அவர்தான் ஏந்த வேண்டும். ஊரிலேயே கைராசியான பல் டாக்டரும் அவர்தான்.

சிக்கல் கையில் இல்லை, வாயில் இருந்தது. ஏழு வருடத்துக்கு முன் ஒரு சின்னப் பல் அடைப்புக்காக அந்த நாற்காலியில் உட்கார்ந்த ராதிசாவ், கருவி சுழலத் தொடங்கியதும் நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு "அம்மா" என்று கத்திவிட்டார். அதிலிருந்து ஒவ்வொரு வருடமும் குடும்பப் புனிதரின் திருநாள் விருந்தில் பன்றிக்கறி வந்ததும் திஹோமிர் எழுந்து அந்தக் காட்சியை நடித்துக் காட்டுவார். இப்போதெல்லாம் விருந்தாளிகளே "டாக்டர், அந்த அம்மா கதை!" என்று கேட்டு வாங்குகிறார்கள். கட்டட அனுமதி அலுவலகத்தில் ஒப்பந்தக்காரர்களை நடுங்கவைக்கும் மனிதருக்கு வீட்டில் இந்த கதி.

"அடைப்புக்கே ஏழு வருஷம் ஓட்டிட்டான். இது ரூட் கெனால். நரம்பையே உருவுவாங்களாம். நான் கத்தினா அவன் பேரன் காலத்துக்கும் கதை ஓடும்."

"வேற டாக்டர்கிட்ட போனது தெரிஞ்சா ஞாயித்துக்கிழமை அவன் கோயில் வாசல்கூட மிதிக்கமாட்டான். பேரனை யார் ஏந்துறது, நம்ம தபால்காரனா?"

"தெரிஞ்சாத்தானே! பக்கத்து ஊர் சாச்சக்குக்குப் போறேன். அங்க என்னை யாருக்குத் தெரியும்?"

பஸ்ஸுக்குக் கிளம்பும்போது கீழ்வீட்டு மிலாதின் படியிலேயே மடக்கினார். மிலாதினுக்குப் போன வருடம் பித்தப்பையை எடுத்தார்கள். அதிலிருந்து மருத்துவம் சம்பந்தப்பட்ட எதற்கும் அவரே அதிகாரி.

"காலையில எதுவும் சாப்பிடலையே? வயிறு காலியா இருக்கணும்யா. அதுதான் முதல் விதி."

"பல்லுக்குமா?"

"பல்லு எங்க இருக்கு? வாயில. வாய் எங்க போகுது? வயித்துக்கு. யோசிச்சுப் பாரு!" மிலாதின் ஒரு சின்ன பாட்டிலைக் கோட்டுப்பையில் திணித்தார். "வீட்டுல காய்ச்சின ரக்கியா சாராயம். ஒரு வாய் வெச்சுக் கொப்பளிச்சுத் துப்பு, நரம்பு தூங்கிடும்."

ராதிசாவ் யோசித்தார். ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் கையிலிருந்த ரொட்டியை மிலாதினின் நாயிடம் போட்டார். மூன்று வலி மாத்திரைகளை மட்டும் விழுங்கிவிட்டுப் பஸ் ஏறினார்.

பாதி வழியில் பல் மறுபடி குத்தியது. ரக்கியாவை வாயில் ஊற்றிக் கொப்பளித்தார். அப்புறம்தான் புரிந்தது, பஸ்ஸில் துப்ப இடமில்லை. ஜன்னல் திறக்காத வண்டி. பக்கத்தில் மடியில் தொப்பியோடு ஒரு அம்மாள். வேறு வழியில்லாமல் விழுங்கினார். சாச்சக் வருவதற்குள் நான்கு முறை கொப்பளித்து நான்கு முறையும் விழுங்கினார். இறங்கும்போது பஸ் நிலையம் கொஞ்சம் சாய்வாகக் கட்டப்பட்டிருப்பதாகத் தோன்றியது. இதற்கு யார் அனுமதி கொடுத்தது என்று கோபம் வந்தது.

கிளினிக் மேசையில் போர்கா என்ற நர்ஸ் இருந்தாள். ஐம்பது வயது, கனத்த குரல்.

"பேரு?"

சொல்ல வாயெடுத்த ராதிசாவ் சுதாரித்துக்கொண்டார். பல் டாக்டர்கள் எல்லோரும் ஒரே கல்லூரியில் படித்தவர்கள், ஒரே மாநாட்டுக்குப் போகிறவர்கள். உஜித்சேக்காரர் ஒருவர் வந்தார் என்று சாயங்காலமே திஹோமிர் காதுக்குப் போய்விட்டால்? சட்டென்று இதே ஊரில் இருக்கும் மைத்துனன் பெயர் நாக்கில் வந்தது.

"குவோஸ்தென் பெலோபெர்க்."

போர்கா கணினியில் தட்டினாள். "அட, நீங்க இங்க பழைய ஆளா! நான் வந்து ரெண்டு வருஷந்தான் ஆகுது. உங்க ஃபைல் பழைய டாக்டர் காலத்துது. உக்காருங்க."

இதை ராதிசாவ் எதிர்பார்க்கவில்லை. காத்திருப்பவர்களோடு போய் உட்கார்ந்தார்.

"குவோஸ்தென்!" என்று கூப்பிட்டாள் போர்கா. யாரும் எழவில்லை. இரண்டாம் முறை கூப்பிட்டதும், யார் இந்த மந்தமான ஆள் என்று ராதிசாவும் மற்றவர்களோடு சேர்ந்து சுற்றிப் பார்த்தார். மூன்றாம் முறை போர்கா வந்து தோளைத் தட்டினாள். "காதுக்கும் வைத்தியம் பாக்கணுமா?"

டாக்டர் யாஸ்னா இளவயதுக்காரி. பொறுமையாகப் பேசினாள்.

"எந்தப் பல்லு வலிக்குது?"

"இப்ப எதுவுமே வலிக்கல டாக்டர்."

"மாத்திரை போட்டீங்களா?"

"மூணு."

"வலியை மூடி மறைச்சிட்டு வந்தா எது கெட்ட பல்லுன்னு நான் எப்படிக் கண்டுபிடிக்கிறது?" என்று ஒவ்வொரு பல்லாகத் தட்டினாள். "ஈறு ஏன் வெந்திருக்கு?"

"ஆஸ்பிரின். பக்கத்துல வெச்சேன்."

"அது விழுங்குற மாத்திரை. கன்னம்?"

"சூடா உப்பு."

"உள்ள சீழ் இருக்கு. அதுக்கு மேல சூடு வெச்சா வீங்காம என்ன செய்யும்? சாப்பிட்டீங்களா?"

"முதல் விதிப்படி சாப்பிடல."

"யார் போட்ட விதி? இதுக்கு நல்லாச் சாப்பிட்டுத்தான் வரணும். அப்புறம் மூணு மணி நேரம் உதடு மரத்துக் கிடக்கும், எதையும் மெல்ல முடியாது." அவள் மூக்கைச் சுளித்தாள். "குடிச்சிருக்கீங்களா?"

"துப்பத்தான் நினைச்சேன் டாக்டர். இடம் கிடைக்கல."

எக்ஸ்ரே எடுத்தார்கள். யாஸ்னா படத்தையும் கணினியிலிருந்த பழைய குறிப்பையும் மாறி மாறிப் பார்த்தாள். நெற்றி சுருங்கியது.

"போர்கா, இங்க வாயேன். இந்தக் கடைவாய்ப்பல்லு ஆறு வருஷத்துக்கு முன்னாடியே பிடுங்கியாச்சுன்னு எழுதியிருக்கு."

போர்கா படத்தைப் பார்த்தாள், ராதிசாவைப் பார்த்தாள். "இருக்குதே!"

"அதான் கேக்குறேன். ஐம்பது வயசுல மறுபடி முளைச்சதா?"

"எங்க குடும்பத்துல" என்று தொடங்கிய ராதிசாவ் நாக்கால் அந்தப் பல்லைத் தடவிப் பார்த்துக்கொண்டார். "எங்க குடும்பத்துல எல்லாருக்கும் பல்லு நல்லா வரும்."

யாஸ்னாவின் குழப்பம் தீரவில்லை. குறிப்பை இன்னும் கீழே படித்தாள். அவள் முகம் மாறியது.

"குவோஸ்தென், இதைச் சொல்லாம விட்டுட்டீங்களே! உங்களுக்கு மரத்துப்போற ஊசி ஒத்துக்காதாம். சிவப்புல எழுதியிருக்கு. போன தடவை மூச்சே நின்னு போகப் பாத்திருக்கு."

"அதனால?"

"ஊசி போட முடியாது. பெல்கிரேட்ல சோதிச்சுட்டு வரணும், பத்து நாள் ஆகும். சீழ் அதுவரைக்கும் காத்திருக்காது. இப்பவே ஊசி இல்லாம லேசாத் திறந்துவிடலாம். நரம்பு செத்திருந்தா அவ்வளவா வலிக்காது."

"செத்திருந்தா?"

"ஆமா. இருந்தா."

கருவி சுழலும் சத்தம் கேட்டது. ராதிசாவுக்கு ரக்கியா போதை ஒரு நொடியில் இறங்கியது. நாற்காலியில் எழுந்து உட்கார்ந்து, கழுத்தில் கட்டிய துணியைக் கொடி மாதிரி ஆட்டினார்.

"நான் அவன் இல்ல! குவோஸ்தென் என் பொண்டாட்டியோட தம்பி! எனக்கு எல்லா ஊசியும் ஒத்துக்கும்! எத்தனை வேணும்னாலும் போடுங்க!"

கருவி நின்றது. ராதிசாவ் எல்லாவற்றையும் கொட்டினார். கூம், விருந்து, அம்மா கதை, ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம், பேரன். சொல்லி முடிக்கும்போது கண் கலங்கிவிட்டது. "முப்பது வருஷ உறவு டாக்டர். அவனை எனக்கு உயிர். ஆனா அவன் முன்னாடி இன்னொரு தடவை என்னால அழ முடியாது. அவன் அசராத ஆளு, எதுக்கும் பயந்ததில்ல. என் பயம் அவனுக்கு எங்க புரியப்போகுது?"

யாஸ்னா சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஐயா, அடுத்தவர் ஃபைலை நம்பி நான் மருந்து கொடுத்திருந்தா என்ன ஆயிருக்கும்? டாக்டர்கிட்ட பேரு, வியாதி, மாத்திரை, குடிச்சது எல்லாத்தையும் உள்ளபடி சொல்லணும். முதல்ல அதுதான். மத்தபடி பயப்பட இதுல ஒண்ணுமில்ல. மரத்துப்போனதும் பல்லுக்குள்ள கெட்டதைச் சுத்தம் பண்ணி அடைக்கிறோம், அவ்வளவுதான். ரெண்டு மூணு தடவை வரணும். வலி போயிடுச்சுன்னு பாதியில நின்னுடக் கூடாது. இந்த நாற்காலியில பாதிப் பேர் அழுவாங்க, நாங்க வெளியில சொல்றதே இல்ல."

"நிஜமாவா?"

"நிஜமா. இன்னிக்கு உங்களுக்கு ரக்கியா இறங்கட்டும், வயித்துக்கு ஏதாவது போடுங்க. மத்தியானம் பாத்துக்கலாம். போர்கா, இவருக்குப் புது ஃபைல் ஒண்ணு திற."

ராதிசாவுக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாறை இறங்கியது. காலையிலிருந்து முதல் முறையாக நிமிர்ந்து உட்கார்ந்து, அலுவலகத்தில் சொல்வது போலக் கம்பீரமாகச் சொன்னார்.

"ராதிசாவ் மிலோய்கோவிச். உஜித்சே. கட்டட அனுமதி அலுவலகம்."

போர்காவின் விரல்கள் தட்டுவதை நிறுத்தின. கண்ணாடியைக் கழற்றி அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"போதும் சார், இதுவும் பொய்யா?" என்றாள். "உஜித்சே ராதிசாவ் மிலோய்கோவிச் போன மாசந்தான் இங்க ரூட் கெனால் முடிச்சுட்டுப் போனாரு. ஊசியைப் பாத்ததும் மேசைக்கு அடியில புகுந்துட்டாரு, நானும் டாக்டரும் ஆளுக்கொரு காலைப் பிடிச்சு இழுக்க இழுக்க, 'தயவுசெஞ்சு வெளியில சொல்லிடாதீங்கம்மா, எங்க ஊர்ல நான்தான் பல் டாக்டர்'னு அழுதாரே, அவரு!"